மைதானத்தில் தொப்பிக்கு அனுமதி கொடுங்கள்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். விளையாட்டு விழா அணிவகுப்புக்கான பயிற்சி பற்றித்தான் எழுதுகிறேன். இரண்டு வாரமாகப் பதினொன்றரை மணிக்குத் தொடங்கி ஒரு மணி வரை நடப்பது தங்களுக்குத் தெரிந்ததே. போன வியாழக்கிழமை என் மகள் தொப்பி போட்டுக்கொண்டு வந்து நின்றாள். சீருடையில் தொப்பி இல்லை, கழற்று, இல்லாவிட்டால் வரிசையை விட்டு வெளியே போ என்று சொல்லிவிட்டார்கள். கழற்றினாள். தொப்பி அலுவலக அலமாரிக்குப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் குளிக்கும்போது தண்ணீர் பட்டதும் அலறினாள். பின்கழுத்தில், காலர் முடியும் இடத்தில், கோடு கிழித்தாற்போல நிறம் மாறியிருந்தது. கை வைத்தால் சுட்டது. மூன்றாம் நாள் காதின் மேல் விளிம்பில் தோல் உரிய ஆரம்பித்தது. "சார் மட்டும் மர நிழலில் நிற்கிறார் அப்பா" என்றாள். என்னிடம் பதில் இல்லை. தங்களிடம் இருக்கிறதா?

அந்தக் காதைப் பார்த்ததும் எனக்கு என் அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது. முப்பது வருடம் வெட்டவெளியில் நிலம் அளந்தவர். காது மடலில் சின்னதாக ஒரு பொருக்கு வந்தது. உதிரும், மறுபடி வரும். வெயில் பழகிய உடம்பு, ஒன்றும் செய்யாது என்று ஒரு வருடம் ஓட்டினார். சதைப் பரிசோதனையில் தோல் புற்றுநோய் என்று தெரிந்தது. காதின் மேல்பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதன்பின் மூக்குக் கண்ணாடி அந்தப் பக்கம் நிற்கவே நிற்காது. நூல் கட்டித்தான் போட்டுக்கொண்டார்.

நம் நிறத்துக்கு இதெல்லாம் வராது என்று தங்கள் ஆசிரியர் ஒருவர் என்னிடமே சொன்னார். தோலின் கருமை ஓரளவு காக்கும், முழுதாகக் காக்காது. வராது என்று நம்பிக்கொண்டிருப்பதால்தான் பலருக்கு முற்றிய பிறகு தெரிய வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1992லேயே சூரியக் கதிர்வீச்சைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளில் சேர்த்துவிட்டது. தோலைக் கெடுக்கும் புற ஊதாக் கதிர் வெயிலில் எவ்வளவு கடுமை என்று காட்டும் எண்தான் புற ஊதாக் குறியீடு; அது 3ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும் என்கிறார்கள். கருவி எதுவும் வேண்டாம், நிழலைப் பார்த்தாலே போதும்: ஆளைவிட நிழல் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது என்று பொருள். தங்கள் மைதானத்தில் பிள்ளைகளின் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது. ஆஸ்திரேலியாவில் தொப்பி இல்லாத பிள்ளையைத் திறந்த வெளியில் விளையாட விடாத பள்ளிகள் நிறைய. இங்கே தொப்பி போட்ட பிள்ளைக்கு வரிசையில் இடமில்லை.

தங்கள் மீது மட்டும் கோபம் என்று நினைக்க வேண்டாம். வெயிலில் போகாதே, கறுத்துவிடுவாய் என்று பெண் பிள்ளைகளை மிரட்டுகிறோம். நிறம் மாறும் என்று இருக்கிற பயம், தோலின் உயிரணு கெடும் என்பதில் இல்லை. ஆண் பிள்ளைகளுக்கு அந்த எச்சரிக்கைகூடக் கிடையாது. சன்ஸ்கிரீனை அழகு கிரீம் என்று நினைத்து முகத்தில் மட்டும் பொட்டளவு தடவுகிறோம். காது, பின்கழுத்து, புறங்கை எல்லாம் விட்டுப்போகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் பூச வேண்டும், வியர்த்தால் அதற்கு முன்பே பூச வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது. சரி, இதை வீட்டில் நாங்கள் திருத்திக்கொள்கிறோம். பள்ளி நேரத்தில் பிள்ளைகள் தங்கள் பொறுப்பில் அல்லவா இருக்கிறார்கள்?

ஆகவே பணிவாகக் கேட்கிறேன். தொப்பியை அனுமதியுங்கள். முன்பக்கம் மட்டும் நீண்ட தொப்பி காதையும் கழுத்தையும் மறைக்காது. சுற்றிலும் அகல விளிம்புள்ளதாக இருக்கட்டும். ஒரே மாதிரி வேண்டுமென்றால் ஒரே நிறத்தில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், நாங்கள் வாங்கிக் கொடுக்கிறோம். பயிற்சியைக் காலை முதல் பாடவேளைக்கு மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. அதற்கு நாளாகும் என்றாலும் தொப்பிக்கு நாளாக வேண்டியதில்லை.

அவளுடைய நீலத் தொப்பி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை பயிற்சிக்கு முன் தயவுசெய்து அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை