பூட்டிய வீடுகளையும் கணக்கில் கொள்ளுங்கள்: மாநிலத் திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாநிலத் திட்டக் குழுவினருக்கும், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்களுக்கும் வணக்கம்.

பென்னாகரம் வட்டத்தில், ஊராட்சி அளவிலான மகளிர் குழுக் கூட்டமைப்பு ஒன்றில் கணக்கெழுதும் பணியில் இருக்கிறேன். எந்த உதவி பலன் தருகிறது என்று சோதித்துப் பாருங்கள், அப்போது வேலைக்காக வெளியூர் போனவர்களின் பூட்டிய வீடுகளையும் விட்டுவிடாதீர்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். புதிய திட்டங்களைத் தொடங்குவதற்கு எங்கள் பகுதியைத் தேர்ந்தெடுப்பது அரசுக்கு வழக்கமாகிவிட்டது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தொடங்கப்பட்டது, கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் 2023 ஜூலையில் தொப்பூரில் தொடங்கி வைத்தார். இதில் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் இங்கே தொடங்கிய திட்டம் இங்கே என்ன செய்தது என்று திரும்பி வந்து எங்கள் ஊரில் சொன்னவர்கள் இல்லை.

ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தருமபுரியில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தனர். 2011இல் அது 913 ஆனது. இந்த உயர்வைத் தந்தது எது? தொட்டில் குழந்தைத் திட்டமா, பெண் குழந்தையின் பெயரில் போட்ட வைப்புத் தொகையா, ஸ்கேன் மையங்கள் மீது எடுத்த நடவடிக்கையா, குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பேசியதா? எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே ஊர்களில் நடந்ததால், எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல இன்று வழியில்லை. அடுத்து எதில் பணம் போடலாம் என்று கேட்டால், ஆளுக்கொரு பதில் வருகிறது.

வேறு விதமாகச் செய்ய முடியும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. தமிழ்நாட்டிலேயே 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் பகுதிநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுத்து ஆய்வு செய்தார்கள். அந்த மையங்களில் முன்பருவக் கல்விக்குக் கிடைத்த நேரம் இரு மடங்கானது. மொழியிலும் கணக்கிலும் குழந்தைகள் முன்னேறினர். வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விகிதமும் குறைந்தது. மற்ற பாதி மையங்கள் இருந்ததால்தான், இது கூடுதல் பணியாளரால் வந்த பலன் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

ஆயினும், ஓரிடத்தில் பலித்தது இன்னோரிடத்திலும் பலிக்கும் என்று எடுத்துக்கொள்வது ஆய்வே செய்யாததற்குச் சமமான பிழை. மிக ஏழைக் குடும்பங்களுக்கு மாடோ ஆடோ கொடுத்து, சில மாதங்கள் கைச்செலவுக்கும் பணம் தந்து, வாராவாரம் ஆள் வந்து வழிகாட்டும் திட்டம் மேற்கு வங்கத்தில் நடந்தபோது, பத்து ஆண்டுகள் கழித்தும் அந்தக் குடும்பங்கள் மேம்பட்ட நிலையிலேயே இருந்ததை பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் தம் குழுவினருடன் பதிவு செய்தனர். ஏறக்குறைய அதே திட்டம் அன்றைய ஆந்திரத்தின் மேதக் மாவட்டத்தில் நிகர பலன் எதையும் தரவில்லை. அங்கே விவசாயக் கூலி உயர்ந்திருந்தது. மாடு வாங்கிய குடும்பம் கூலிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டதால், ஒரு கையில் வந்த வருமானம் மறு கையில் போனது. பலர் மாட்டை விற்றுக் கடனை அடைத்தனர்.

எங்கள் ஊர்கள் வங்கத்தைப் போன்றவையா, மேதக்கைப் போன்றவையா? நான் பார்த்த வரை மேதக்குக்கே நெருக்கம். கணவனும் மனைவியும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டால், கடனில் வாங்கிய கறவை மாட்டை யாரிடமாவது வாரம் என்னும் பங்கு முறையில் விட்டுவிட்டுப் போகிறார்கள். பால் சங்கத்தில் ஊற்றும் பாலுக்கான பணம் வேறு வீட்டுக்குப் போகிறது, தவணை மட்டும் இவர்கள் பெயரில் நிற்கிறது. எங்கள் பதிவேட்டில் இது ‘கால்நடை வளர்ப்பு, தொழில் நடப்பில் உள்ளது’ என்றே இருக்கும். நான் கண்டது ஒரு சில ஊராட்சிகளைத்தான். ஆகவே என் ஊகத்தை நம்பச் சொல்லவில்லை, சோதித்துப் பார்க்கச் சொல்கிறேன். தமிழ்நாடு அரசின் 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கை 5 லட்சம் மிக ஏழைக் குடும்பங்களை வறுமையிலிருந்து மீட்பதாக அறிவித்தது. அந்தக் குடும்பங்களுக்கு என்ன கொடுப்பது என்பதை முடிவு செய்யும்போது இந்தச் சோதனை அவசியமாகிறது.

அதற்கு முன் சரி செய்ய வேண்டிய ஒன்று உண்டு. கணக்கெடுப்பாளர் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு வேலை நாளில், பகலில் வருகிறார். வீடு பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டில் விசாரித்து எதையோ நிரப்புகிறார், அல்லது அடுத்த வீட்டுக்குப் போகிறார். கூரை கொஞ்சம் நல்லதாக இருந்தால், கட்டட வேலைத் தகரக் கொட்டகையில் பிள்ளைகளோடு தங்கியிருப்பவர்கள் எங்கள் ஊரின் வசதியான குடும்பமாகிவிடுகிறார்கள். ஊர் மக்களே கூடி ஏழைக் குடும்பங்களை அடையாளம் காணும் மக்கள் நிலை ஆய்வுப் பட்டியலிலும் இந்தக் குறை உண்டு. பெயர் வாசிக்கும் நாளில் ஊரில் இல்லாதவருக்காகப் பேச ஆளில்லை. வறுமை இருப்பதே பூட்டிய வீடுகளில் என்றால், திறந்த வீடுகளை எவ்வளவு நுட்பமாக அளந்தும் பயனில்லை. பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் எல்லோரும் ஊருக்கு வருவார்கள். அந்த நாட்களில் வாருங்கள், மற்ற நாட்களில் தொலைபேசியில் கேளுங்கள்.

பிறகு, நிதி ஒரே ஆண்டில் எல்லா ஊராட்சிகளுக்கும் போதாது என்னும்போது, முதலில் யாருக்கு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யுங்கள். மாடு, தையல் எந்திரம், ரொக்கம், பெங்களூரிலேயே பிள்ளைகளுக்குப் பள்ளியும் தங்குமிடமும் என வெவ்வேறு உதவிகளை வெவ்வேறு ஊராட்சிகளில் கொடுத்துப் பார்க்கலாம். விடுபட்டவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று அலுவலர்கள் தயங்குவது தெரியும். இன்றும் பலர் விடுபடத்தான் செய்கிறார்கள், ஆனால் சிபாரிசு இல்லாததால் விடுபடுகிறார்கள். குலுக்கல் சீட்டு நடத்திப் பழகிய பெண்களுக்கு, கிராம சபையில் எல்லோர் முன்னிலையிலும் எடுக்கும் சீட்டில் குறை தோன்றாது, அடுத்த முறை தங்களுக்கு உண்டு என்ற உறுதி மட்டும் இருந்தால்.

முடிவுகள் எப்படி வந்தாலும், பலனில்லை என்றே வந்தாலும், அவற்றைத் தமிழில் அச்சிட்டு அதே கிராம சபையில் வாசிக்க ஏற்பாடு செய்யுங்கள். வெளியூர் போன குடும்பங்களின் பட்டியல் ஒன்றை எங்கள் கூட்டமைப்பு வைத்திருக்கிறது. உரியவர்கள் சம்மதித்தால் அவர்களின் தொலைபேசி எண்களோடு அதைத் தருவதற்கும், கணக்கெடுப்பாளருடன் ஒரு உறுப்பினரை அனுப்பி வைப்பதற்கும் அணியமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கணக்காளர்,
ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.