பதினான்கு சேலைகளும் ஒரு கடனும்: துணை நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதுரை,
தை மாதம், 2026.

பெருமதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். நான் மதுரை மகால் பகுதியில் கைமுடிச்சுச் சுங்குடிச் சேலைகளை இணையவழியாக விற்று வருபவள். கடந்த ஒன்றரை ஆண்டுகளாக என் மீது இருந்த கடனின் கடைசித் தவணையைச் சென்ற டிசம்பர் மாதம் செலுத்தி, கடன் முடிந்ததற்கான சான்றிதழையும் பெற்றுவிட்டேன். அந்தத் தாள் கைக்கு வந்த அன்றே இந்த மடலை எழுத நினைத்தேன். யார் யாருக்கு எதற்காக நன்றி சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்த உட்கார்ந்தபோது அது நான் நினைத்ததைவிட நீளமாக இருந்ததால், இத்தனை நாள் ஆகிவிட்டது. உங்களில் பலர் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவே பெயரின்றியே எழுதுகிறேன். படிக்கும்போது உங்களை நீங்கள் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

நடந்தது பலருக்கும் அரைகுறையாகவே தெரியும் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலையில் பெங்களூரைச் சேர்ந்த வாடிக்கையாளர் ஒருவர், வீட்டுத் திருமணத்தில் உறவினர்களுக்குக் கொடுப்பதற்காக 14 சேலைகள் வாங்கினார். சேலை ஒன்று 3,300 ரூபாய் வீதம் மொத்தம் 46,200 ரூபாயைக் கிரெடிட் கார்டு மூலம் செலுத்தினார். செப்டம்பர் கடைசியில், பொருள் தமக்கு வந்து சேரவே இல்லை என்று கார்டு கொடுத்த வங்கியிடம் அவர் முறையிட்டிருக்கிறார். சார்ஜ்பேக் என்று சொல்லப்படும் இந்த முறையில், வங்கி அந்தத் தொகையைத் திரும்பக் கேட்கும். பணத்தை வசூலித்துத் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனம், குறிப்பிட்ட நாட்களுக்குள் சான்று அனுப்பும்படி விற்றவருக்கு எழுதும். பதில் போகாவிட்டால் தொகை விற்றவர் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டுவிடும். எனக்கு வந்த கடிதம், நான் பயன்படுத்துவதை விட்டுப் பல மாதங்களான பழைய மின்னஞ்சல் முகவரிக்குப் போயிருந்தது. முகவரியை மாற்றித் தராதது என் பிழை. அதை இன்னொருவர் தலையில் கட்ட எனக்கு மனமில்லை.

பணம் போனதோடு அது நிற்கவில்லை. கேட்வே நிறுவனம் மறுஆய்வு என்று சொல்லி, மற்ற வாடிக்கையாளர்கள் செலுத்திய 31,000 ரூபாயையும் நிறுத்தி வைத்தது. தீபாவளிச் சரக்குக்காக நான் ஒரு நிதி நிறுவனத்தின் செயலி வழியாக 1,20,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தேன். அன்றாட விற்பனைப் பணத்திலிருந்து நாள்தோறும் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வது அந்தக் கடனின் ஏற்பாடு. விற்பனைப் பணமே வராமல் நின்றபோது பிடித்தமும் நின்றது. நவம்பர் முதல் வாரத்திலேயே வசூல் முகவர்கள் அழைக்கத் தொடங்கினார்கள். அவர்கள் விடியற்காலை 6 மணிக்கும் இரவு 10 மணியை நெருங்கியும் பேசினார்கள். பேசிய மொழியை இங்கே எழுத விருப்பமில்லை. ஒரு நாள் நீதிமன்ற முத்திரை போன்ற ஒன்றைத் தலைப்பில் வைத்த ‘கைது ஆணை’ வாட்ஸ்அப்பில் வந்தது. அதைப் பார்த்த இரவு நான் தூங்கவில்லை.

முதல் நன்றி, எங்கள் தெருமுனையில் இஸ்திரிக் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு. கடன் வாங்கியபோது பரிந்துரையாளர் என்ற இடத்தில் அவருடைய எண்ணை, அவரிடம் சரியாக விளக்கிச் சொல்லாமலேயே கொடுத்திருந்தேன். முகவர்கள் அவரையும் அழைத்திருக்கிறார்கள். “அவுங்க கடன் அவுங்க பாடு, என்கிட்ட ஏன்யா கேக்குற” என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு முறையும் எந்த எண்ணிலிருந்து, எத்தனை மணிக்கு அழைப்பு வந்தது என்பதைச் செய்தித்தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். மூன்று வாரங்களில் 19 அழைப்புகள். அந்தக் காகிதத் துண்டுகளைக் கிழித்து ஒரு கவரில் போட்டு என்னிடம் தந்தபோது, அவர் என்னைக் கோபித்துக்கொள்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். “வச்சுக்கம்மா, தேவப்படும்” என்றதோடு அவர் அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டார்.

அந்தக் கவருக்கு என்ன மதிப்பு என்பதைச் சொன்னவர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளரான எங்கள் வாடிக்கையாளர் ஐயா. கடன் பாக்கி வைத்தவரைக் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ வசூலுக்காக அழைக்கக் கூடாது, குடும்பத்தினரையும் நண்பர்களையும் பரிந்துரையாளர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் மாதமே சுற்றறிக்கை அனுப்பியிருப்பதை அவர்தான் எடுத்துக்காட்டினார். கடன் செயலிகள் கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது என்று அதே ஆண்டு செப்டம்பரில் வந்த விதியையும், தவணை தவறியதற்கான அபராதத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் வந்த விதியையும் அச்செடுத்து, தேவையான வரிகளுக்கு அடிக்கோடு போட்டுக் கொண்டுவந்தார். என் கணக்கு அறிக்கையை வரி வரியாகப் பார்த்து, அபராதத்தின் மேல் வட்டி ஏறியிருந்த இடங்களைக் கண்டுபிடித்ததும் அவரே. கடன் வாங்கிய நாளில் நான் அந்த ஒப்பந்தத்தை ஒரு முறைகூடப் படிக்கவில்லை என்றறிந்து அவர் அரை மணி நேரம் கடிந்துகொண்டார். அதற்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன்.

அவர் சொன்ன வழியில் முதலில் நிதி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினோம். 27ஆம் நாள், என் முறையீட்டில் ஒரு வரியைக்கூடப் படித்ததாகத் தெரியாத பதில் வந்தது. 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதில் நிறைவு தராவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஓம்பட்ஸ்மேனிடம், கட்டணம் ஏதுமின்றி முறையிடலாம். 2021 நவம்பர் முதல் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் சேர்த்து ஒரே திட்டமாக இது நடக்கிறது என்பதையே நான் அதுவரை அறியாமல் இருந்தேன். 2025 ஜனவரியில் முறையீட்டைப் பதிந்தோம். இஸ்திரிக் கடை அண்ணனின் செய்தித்தாள் ஓரங்களும் படமெடுக்கப்பட்டு அதனுடன் போயின. ஏப்ரலில் நிறுவனம் இறங்கி வந்தது. அபராதமாகப் போட்ட 7,850 ரூபாயை நீக்கி, மீதமிருந்த 68,400 ரூபாயை மாதம் 8,550 வீதம் எட்டுத் தவணைகளாகச் செலுத்த ஒப்புக்கொண்டது. அழைப்புகள் அதற்கு முன்பே நின்றுவிட்டன. வாங்கிய கடனைக் கட்ட மாட்டேன் என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை என்பதை, அந்த நாட்களில் என்னைப் பற்றி வேறு விதமாகப் பேசிய சில உறவினர்களுக்காகவும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

பக்கத்து வீட்டில் கல்லூரியில் படிக்கும் தங்கைக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. ஆங்கிலக் கடிதங்களை எனக்குத் தமிழில் படித்துச் சொல்லி, பதில்களை எழுதித் தந்தது அவள். பெங்களூர் வாடிக்கையாளர் முன்பு எனக்கு அனுப்பியிருந்த ஒரு வாட்ஸ்அப் செய்தி அவளுடைய கண்ணில்தான் பட்டது. சேலைகள் போய்ச் சேர்ந்த ஐந்தாம் நாள், “புள்ளிகள் எல்லாம் ஒரே அளவில் இல்லை, அச்சு சரியில்லை” என்று அவர் அதில் எழுதியிருந்தார். சுங்குடியை அறிந்தவர்களுக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரும். துணியைச் சிறு சிறு இடமாகக் கிள்ளி நூலால் முடிந்து சாயத்தில் தோய்த்து, காய்ந்த பின் அவிழ்த்தால், நூல் இறுக்கிய இடம் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். விரலால் இடும் முடிச்சு எப்படி ஒரே அளவில் இருக்கும்? ஒரே அளவில் இருந்தால்தான் அது அச்சு. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்குக்கு அந்த ஏற்ற இறக்கமே அடையாளம் என்று நான் அவருக்கு அப்போது விளக்கம் எழுதியதோடு, வேண்டாமென்றால் திருப்பி அனுப்பலாம் என்றும் சொல்லியிருந்தேன். அவரிடமிருந்து பதில் இல்லை. நான் அதைக் குறை கூறும் செய்தியாக மட்டுமே பார்த்து மறந்திருந்தேன். “அக்கா, சேலை வரவே இல்லைன்னா புள்ளி எப்படி இருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?” என்று தங்கை கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குத் துணையாக இன்னொரு தாளும் வேண்டியிருந்தது. இணையத்தில் ஸ்பீடு போஸ்ட் எண்ணை இட்டுப் பார்த்தபோது பழைய விவரம் எதுவும் வரவில்லை. எங்கள் பகுதி அஞ்சலகத்தில் பணிபுரியும் அம்மையார், நான் வைத்திருந்த ரசீதைக் கொண்டு விண்ணப்பம் எழுத வைத்து, பட்டுவாடா செய்த அஞ்சலகத்திலிருந்து கையொப்பத்துடன் கூடிய பதிவின் நகல் வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். இது அவருடைய வேலைதானே என்று சிலர் சொன்னார்கள். வேலையைச் செய்வதற்கும் நான்கு முறை நினைவுபடுத்துவதற்கும் இடையே உள்ள தூரம், வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

சார்ஜ்பேக்கைப் பொறுத்தவரை கெடு முடிந்துவிட்டதால் கேட்வே நிறுவனத்திடம் ஒன்றும் நடக்கவில்லை. நிறுத்தி வைத்த 31,000 ரூபாய் மட்டும் டிசம்பரில் விடுவிக்கப்பட்டது. மற்றதைச் செய்தவர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக எனக்குக் கிடைத்த வழக்கறிஞர் அம்மா. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பாராமல் பெண்கள் அனைவரும் இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். 15100 என்ற எண்ணை அழைத்தபோதுதான் எனக்கு இது தெரிந்தது. முதல் சந்திப்பிலேயே அந்தக் ‘கைது ஆணை’யைப் பார்த்து, இதில் வழக்கு எண் எங்கே, எந்த நீதிமன்றம் என்று எங்கே இருக்கிறது என்று இரண்டு கேள்வி கேட்டார். இரண்டுமே அதில் இல்லை. தவணை தவறியதற்காக மட்டும் யாரையும் கைது செய்ய முடியாது, கடன் கொடுத்தவர் வேண்டுமானால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று விளக்கிவிட்டு, போலி ஆணையைப் பற்றி 1930 என்ற எண்ணுக்கும் சைபர் குற்றப் பிரிவுக்கும் புகார் கொடுக்க வைத்தார். பெங்களூர் வாடிக்கையாளருக்கு அஞ்சலக நகலையும் வாட்ஸ்அப் செய்தியையும் இணைத்து அவர் அனுப்பிய அறிவிப்பு, இரண்டு பக்கம்கூட இல்லை. ஆறு வாரங்களில், இரண்டு தடவையாக 30,000 ரூபாய் வந்தது. மீதி 16,200 ரூபாய்க்கு வழக்குப் போட வேண்டும் என்று பலர் சொன்னீர்கள். நான் போடவில்லை. அந்த நேரத்தில் முடிச்சு போட ஆட்களும் சாயத்துக்குத் துணியும் இருந்தன. நீதிமன்றத்துக்கு நடக்க எனக்குத்தான் நாள் இல்லை. அது தவறு என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

முடிச்சு போடும் சகோதரிகளே, உங்கள் ஐந்து பேருக்கும் அந்தத் தீபாவளிக்குக் கூலி கொடுக்க முடியாமல் வந்து நின்றேன். நீங்கள் வீட்டு வேலைக்கு நடுவே, கண் வலிக்க வலிக்க, ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிந்ததற்கான கூலி அது. மூவர் பொங்கல்வரை பொறுத்துக்கொண்டீர்கள். ஒருவர் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக வேறு வியாபாரியிடம் வேலைக்குப் போனீர்கள். அதில் எனக்குச் சிறிதும் வருத்தமில்லை, மாசியில் திரும்பி வந்ததற்கு நன்றி. மூத்தவரான நீங்கள், என் நிலைமை தெரிந்து, கூலியைக் கேட்காமல் அரிசி கொண்டுவந்தீர்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

விவரம் கேள்விப்பட்டு, இன்னும் நெய்யாத துணிக்கு முன்பணம் அனுப்பிய 22 வாடிக்கையாளர்களுக்கும் நன்றி. எல்லாருடைய சேலையும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒவ்வொன்றின் அஞ்சல் ரசீதும் இப்போது ஒரு கோப்பில் இருக்கிறது. மின்னஞ்சல் முகவரியையும் மாற்றிவிட்டேன்.

சாயப்பட்டறை அண்ணாச்சி, உங்களை வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். ஓராண்டு முழுவதும் கடனுக்கே தோய்த்துக் கொடுத்தீர்கள். பாக்கியை எழுதித் தருகிறேன் என்று நான் நீட்டிய தாளை, “நமக்குள்ள எதுக்கு எழுத்து” என்று மடித்து என்னிடமே திருப்பித் தந்தீர்கள். எழுத்து எதற்கு என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டதால், நீங்கள் வாங்க மறுத்ததை இங்கே எழுதுகிறேன்: உங்களுக்கு நான் தர வேண்டிய மீதி 6,000 ரூபாய், சித்திரைத் திருவிழாவுக்கு முன் அதைக் கொண்டுவந்து தருவேன்.

நன்றியுடன்,
உங்கள் சுங்குடிச் சேலைக்காரி.