பிடிபட்ட ஆமைகளை யாரிடம் கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடத்தலில் பிடிபடும் நட்சத்திர ஆமைகளை ஆமை வளர்ப்போர் குழுக்களிடம் கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை அடிக்கடி எழுகிறது. நிரந்தரமாகக் கொடுக்க முடியாது. சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிரி அது; வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் வாங்கி வைத்தால், நல்லெண்ணத்தோடு வைத்தவரும் மாட்டிக்கொள்வார். ஆனால் வழக்கு முடியும்வரை சான்றுப் பொருளென்று பெட்டிக்குள் கிடக்கிறதே, அந்த இடைக்காலத்துக்குத் திணைக்களத்தின் கண்காணிப்பில் பழகிய கைகள் உதவலாம்.

சாக்கிலிருந்து எடுத்ததும் தக்காளியை வெட்டிப் போடுகிறார்கள். முதலில் வேண்டியது தண்ணீர். பேசினில் இளஞ்சூட்டு நீரை ஆமையின் நாடிக்குக் கீழே நிற்கும் அளவு விட்டு, 15 முதல் 20 நிமிடம் இருத்த வேண்டும். கடத்தியவர்கள் காலில் சுற்றிய ஒட்டுநாடாவை இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். தேங்காயெண்ணெய் தடவி, ஊறிய பிறகு கழற்றலாம். ஓட்டின் கோலம் ஆமைக்கு ஆமை வேறு. மேலும் கீழும் படமெடுத்து, கிராமில் நிறையும் எழுதி வைத்தால் நீதிமன்றத்தில் ஆள்மாறாட்டம் நடக்காது.

ஆர்வலர்கள் சறுக்குவது அடுத்த படியில். சொந்த ஆமைகளோடு சேர்த்துவிடுகிறார்கள். மூக்கில் நீர் வடிவது, குமிழி விடுவது போன்ற நோய்க்குறிகள் சில கிழமை கழித்துத்தான் தெரியவரலாம். ஆகவே 90 நாளாவது தனி இடம், தனிப் பாத்திரம். தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். சாப்பாடு புல், முருங்கை இலை, செவ்வரத்தம் பூ. சோறும் பாணும் வேண்டாம். கண்ணாடி யன்னலுக்குள்ளால் வரும் வெயில் ஓட்டுக்கு உதவாது, அதற்கு வேண்டிய புற ஊதா-பி (UVB) கதிரைக் கண்ணாடி மறித்துவிடும். வளவில் நிழலும் வெயிலும் கலந்த இடம் போதும். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு விலையான புற ஊதா மின்குமிழ் வாங்குவது வீண்செலவு.

வழக்கு முடிந்த கையோடு பக்கத்துப் பற்றைக்குள் விடுவதும் பிழை. எந்த ஊர் ஆமை, என்ன நோய் என்று தெரியாமல் விட்டால் அங்குள்ளவற்றுக்கும் ஒட்டிவிடும்.

செல்லமாக வளர்க்க வாங்கும் சிவப்புக்காது ஆமையின் கதை வேறு. அமெரிக்க இனமான இதை இங்கே எங்கும் விட முடியாது. குழுக்கள் உண்மையில் பொறுப்பெடுக்கக்கூடியது இதைத்தான். வாங்கும்போது ஐந்து ரூபாய்க் குற்றியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும்; 25 சென்ரிமீற்றருக்கு மேலும் வளரும், 30 வருடமும் வாழும். சீமெந்துத் தொட்டியும், ஏறி வெயில் காயக் கல்லும் உள்ளவருக்கே கொடுக்க வேண்டும். பெருக்கவோ விற்கவோ மாட்டேன் என்று கையெழுத்தும் வாங்க வேண்டும். அலுத்துப்போனால் கோயில் கேணிக்குள் விடாமல் குழுவிடமே திருப்பித் தரலாம் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். கேணியில் ஏற்கெனவே நம்மூர் நன்னீர் ஆமையான பாலாமை இருக்கிறது.

வாசகர்,
யாழ்ப்பாணம்