கண் இழந்த எங்கள் செவ்வந்தியைக் காத்துத் தந்தவர்களுக்கு

சிந்துபூந்துறை,
திருநெல்வேலி.

பேரன்பிற்குரிய தெருவார்க்கும் உறவினர்க்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டுத் தங்கமீன் செவ்வந்தி, 2022ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் இரு கண்களிலும் பார்வையை இழந்தது. அன்று தொடங்கி இன்றுவரை அது உயிரோடும் நலத்தோடும் இருப்பதற்கு நீங்கள் செய்த உதவிகளே காரணம் என்பதை நானும் என் கணவரும் நன்கு அறிவோம். நேரில் நன்றி சொல்ல வந்தபோதெல்லாம், "இதுக்குப் போயா" என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். அந்த நன்றி எங்களுக்குள்ளேயே தங்கிவிடக் கூடாது என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

கண்ணில் பால் படர்ந்தாற்போல் ஒரு வெண்மை முதலில் தெரிந்தது. தொட்டியருகே ஆள் நிழல் பட்டாலே மேலே ஓடி வந்து வாயைத் திறக்கும் மீன், தலைக்கு மேல் தீனி மிதந்தும் அசையாமல் நின்றபோதுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. அவசரத்தில் ஒரு கடையில் கேட்டு, அங்கே கொடுத்த நீல மருந்தைத் தொட்டியில் ஊற்றினோம். மீனைப் பார்க்காமலும் தண்ணீரைச் சோதிக்காமலும் தரப்பட்ட அம்மருந்து கண்ணைக் குணப்படுத்தவில்லை. ஃபில்டரில் வாழ்ந்து கழிவை முறிக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, தண்ணீர் முன்னிலும் கெட்டது.

அந்த நிலையில் வந்து கைகொடுத்தவர், ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் அப்போது படித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுத் தங்கை. அவர் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டியைக் கொண்டுவந்து, தண்ணீரில் அம்மோனியா மிகுந்திருப்பதைக் காட்டினார். மீனின் கழிவும், தின்னாமல் விட்ட தீனியும் அழுகுவதால் அது உண்டாகிறது என்றும், நாங்கள் அன்பு மிகுதியால் அள்ளிப் போட்ட தீனியே அதற்கு நஞ்சாகிவிட்டது என்றும் அவர் ஒளிக்காமல் சொன்னார். குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரில் கலந்திருக்கும் குளோரின் மீனின் செவுளைப் புண்ணாக்கும் என்பதால், அண்டாவில் பிடித்து ஒரு முழு நாள் வைத்திருந்த பிறகே மாற்ற வேண்டும், அதுவும் முழுவதையும் ஒரே நாளில் மாற்றாமல் கால் பங்கு மட்டும் மாற்ற வேண்டும் என்று கற்றுத் தந்தார். ஃபில்டரின் பஞ்சைக் குழாயடியில் கழுவாமல் தொட்டித் தண்ணீரிலேயே அலசும் பழக்கமும் அவர் கொடுத்ததுதான். தேர்வுக் காலத்திலும் வாரம் தவறாமல் வந்து சோதித்த அந்தத் தங்கைக்கு எங்கள் முதல் நன்றி.

தண்ணீர் தெளிந்த பிறகும் பார்வை திரும்பவில்லை. ஆற்றில் விட்டுவிடலாம் என்று சிலர் நல்லெண்ணத்தோடே சொன்னார்கள். நாங்களும் மனம் தளர்ந்து அதற்கு உடன்படும் நிலையில் இருந்தோம். குறுக்குத்துறைப் படித்துறையில் நாள்தோறும் குளிக்கும் அண்ணாச்சி அதைக் கேட்டு வீடு தேடி வந்து தடுத்தார். தங்கமீன் சீன நாட்டில் மனிதர் கையில் வளர்ந்து பெருகிய இனம், அது நம் ஆற்றுக்கு உரியதன்று, ஆற்றில் வாழும் மீன்களுக்கும் அது கேடு, கண்ணில்லாத உயிரோ விராலுக்கோ மீன்கொத்திக்கோ ஒரு பொழுதில் இரையாகிவிடும் என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மலைக்கு அந்தப்புறம் கேரளத்தில், கோட்டயத்துப் பக்கத்துக் கிணறுகளில் கண்ணே இல்லாத ஒரு கெளிறு இனம் வாழ்கிறது என்பதையும், 1950இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது என்பதையும் அவர் வழியாகத்தான் அறிந்தோம். அது பிறவியிலேயே இருளுக்குப் பழகிய இனம். செவ்வந்தியோ கண்டு பழகிய பின் இழந்தது. ஆயினும், பார்க்காமலும் ஒரு மீன் இரை தேடி உண்ண முடியும் என்ற துணிவு எங்களுக்கு அன்றுதான் வந்தது.

நான்காம் வீட்டு ஆச்சிக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கண்நீர் அழுத்த நோயால் பார்வை இழந்து பல ஆண்டுகளாகியும் தன் வீட்டில் தானே உலை வைக்கும் அவர், எங்கள் தொட்டியின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "சாமானை மட்டும் எடம் மாத்திராதீங்கம்மா. வச்சது வச்ச எடத்துல இருந்தா நான் நடமாடுதேன்லா, அது மாதிரி அதும் நடமாடும்" என்றார். அன்றே கூர்மையான கற்களையும் பிளாஸ்டிக் செடிகளையும் எடுத்துவிட்டோம். மீதமுள்ளவை அன்று வைத்த இடத்திலேயே இன்றும் இருக்கின்றன. மீனின் உடலில் செவுளின் பின்னிருந்து வால்வரை ஓடும் பக்கக்கோடு என்னும் உறுப்பு, தண்ணீரின் சிறு அசைவையும் அழுத்த வேறுபாட்டையும் உணர்த்துகிறது. செவ்வந்தி கண்ணாடியில் முட்டாமல் அரை விரற்கடை தூரத்தில் திரும்பிக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சி கிணற்றடிக்கு நடக்கும் நடைதான் நினைவுக்கு வருகிறது.

உணவூட்டும் வழியைக் கண்டவர் மேல வீட்டு மதினி. மிதக்கும் தீனியை அதனால் தேட முடியவில்லை. அடியில் இறங்கும் தீனியோ கற்களுக்கிடையில் சிதறி அழுகியது. மதினி கார்த்திகைக்கு வாங்கி எண்ணெய் படாமல் வைத்திருந்த அகல் ஒன்றைத் தொட்டியின் ஒரு மூலையில் இறக்கிவைத்து, பப்பாளி இலைக்காம்பைக் குழலாகக் கொண்டு தீனியை நேராக அகலுக்குள் விட்டுக் காட்டினார். காம்பில் பால் இருக்கும் என்ற அச்சத்தால் பிறகு கண்ணாடிக் குழாய்க்கு மாறிக்கொண்டோம், வழி அவருடையதே. தீனி போடும் முன் அந்த மூலையில் விரல் நுனியால் தண்ணீரை மூன்று முறை மெல்லக் கலக்குவோம். முதல் ஒன்பது நாள் செவ்வந்தி வரவில்லை. பத்தாம் நாள் காலையில், ஊறவைத்த தீனியின் வாசனை பரவியதும், தலையைத் தாழ்த்தித் தயங்கித் தயங்கி வந்து, அகலின் விளிம்பை உதட்டால் தொட்டு, ஒரு குருணையை வாயில் வாங்கி, துப்பி, மறுபடி வாங்கி விழுங்கியது. மதினி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது என்பதால் ஒரே வேளையில் நிறையக் கொடுக்காமல் காலையும் மாலையும் சிறிது சிறிதாகக் கொடுக்கிறோம். வாரம் ஒரு நாள் தோலுரித்து வேகவைத்த பட்டாணி. கூட இருந்த இன்னொரு மீன் முந்திக்கொண்டு அகலைக் காலி செய்ததால், அதைத் தன் வீட்டுத் தொட்டிக்கு எடுத்துச் சென்று வளர்க்கும் தென்காசிச் சித்தப்பாவுக்கும் நன்றி.

இனி 2023 டிசம்பர். 17ஆம் தேதி விடாமல் பெய்த மழையில் ஆறு பெருகி, மறுநாள் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது. மின்சாரம் நின்று காற்றுப் பம்பும் நின்றது. தெருவே தன் வீட்டுச் சாமான்களை மேலேற்றிக்கொண்டிருந்த நேரத்தில், ஆட்டோ ஓட்டும் தம்பியும் அவர் நண்பர்களும் செவ்வந்தியை வாளியிலும், பழகிய தொட்டித் தண்ணீரைக் கேன்களிலும் எடுத்து எங்கள் மாடிக்கு ஏற்றினார்கள். அடியிலிருந்த அகலையும் மறக்கவில்லை. அன்றிரவு ஐந்து பேர் முறைவைத்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், செம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து மெல்ல ஊற்றி ஊற்றிக் காற்றேற்றினீர்கள். உங்களில் இருவருடைய வீட்டுக்குள் அப்போது இடுப்பளவு வெள்ளம் நின்றது. தீனி போட்டால் வாளித் தண்ணீர் கெடும், தங்கமீன் சில நாள் பட்டினியைத் தாங்கும் என்று எதிர்வீட்டுத் தங்கை சொன்னபடி, மின்சாரம் வரும்வரை எதுவும் போடாமல் காத்திருந்தோம். தொட்டியில் விட்டு விரலால் தண்ணீரைக் கலக்கியதும் அது நேராக அகலுக்கு வந்தது.

அந்த இரண்டாம் நாள் விடியலில், பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பு ஒன்றை யாரோ மாடிப்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதுதான் மின்சாரம் வரும்வரை செவ்வந்திக்கு மூச்சுக் கொடுத்தது. தெரு முழுவதும் விசாரித்தும் உரியவர் யாரென்று அறிய முடியவில்லை. அதைத் துடைத்துப் பேட்டரியைத் தனியே கழற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறோம். இம்மடலை வாசிக்கும் நீங்கள் அவராக இருந்தால், எந்த நேரத்திலும் வீட்டுக்கு வாருங்கள். காலை ஏழு மணிக்கு வந்தால் செவ்வந்தி சாப்பிடுவதையும் பார்க்கலாம்.

மாறா நன்றியுடன்,
செவ்வந்தியின் வீட்டார்