பணம் போனது ராத்திரி இரண்டு மணிக்கு

ஆசிரியருக்கு,

அம்மாவின் பென்ஷன் கணக்கிலிருந்து தூங்கும் நேரத்தில் 18,000 ரூபாய் போய்விட்டது, ஓடிபி யாரிடமும் சொல்லவில்லை, காலையில் பாஸ்புக்கோடு கிளைக்கு ஓடினால் "எஃப்ஐஆர் போட்டுட்டு வாங்க" என்கிறார்கள்.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாத மோசடியை 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் நமக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் வரக்கூடாது, 10 வேலை நாளுக்குள் வரவு வைக்க வேண்டும், தப்பு நம்முடையது என்றால் நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். கவுன்டரில் இருந்தவருக்கு இது தெரியாதா, தெரிந்தும் சொல்லவில்லையா? சைபர் மோசடி புகார் எண்ணான 1930க்குப் போன் செய்தேன், அப்புறம் கிளையில் எழுதிக் கொடுத்தேன், நகலில் சீல் வாங்கவே அரை மணி நேரம். பணம் பன்னிரண்டாம் நாள் வந்தது.

நகைக்கடன் போஸ்டருக்குப் பக்கத்தில் இந்த விதியையும் தமிழில் ஒட்டலாமே!

— வாசகர், மதுரை