கட்டா மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

அரசுப் பள்ளி மாணவியருக்கு ராணி லட்சுமிபாய் திட்டத்தில் 3 மாதம் தற்காப்புப் பயிற்சி தருகிறார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் பல இடங்களில் அந்த நாட்கள் வரிசையில் நின்று காற்றில் குத்துவதிலும் கட்டா (எதிராளி இல்லாமல் வரிசைக்கிரமமாகச் செய்யும் கராத்தே அசைவுகள்) போடுவதிலுமே கழிந்துவிடுகின்றன. ஆண்டுவிழா மேடைக்கு அது அழகு, தெருவுக்கு உதவாது.

முதல் சிக்கல் முஷ்டி. முகத்தை நோக்கிக் குத்து வந்தால் எவனும் தலையைக் குனிவான். குத்து நெற்றியில் விழும், குத்தியவர் கையில் சுண்டுவிரலுக்குக் கீழுள்ள எலும்பு முறியும். 1988-இல் ஹார்லெமில் நடந்த தெருச் சண்டையில், அன்றைய உலக ஹெவிவெயிட் சாம்பியன் மைக் டைசனுக்கே வலது கை எலும்பில் விரிசல் விழுந்தது. துணிக்கட்டும் கிளவுஸும் இல்லாத கை அவ்வளவுதான் தாங்கும். எதிராளியின் பல் பட்டு விரல் முட்டி கிழிந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூட்டுக்குள் சீழ் வைத்துவிடும். இதற்குப் பதில் விரல்களைப் பின்னுக்கு மடக்கி, மணிக்கட்டை ஒட்டிய உள்ளங்கை மேட்டால் தாடையைக் கீழிருந்து மேலாக இடிக்கப் பழக்கலாம். அதையும் காற்றில் அல்ல, ஒருவர் பிடித்துநிற்கும் மெத்தைப் பேடில் முழு வேகத்தில்.

அடியைவிடத் தரை ஆபத்தானது. தள்ளுமுள்ளில் மல்லாந்து விழுந்து, பின்மண்டை சிமென்ட்டில் மோதித்தான் பல உயிர்கள் போகின்றன. தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து விழ வேண்டும். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். விழுந்தவுடன் பாதங்களை எதிராளி பக்கம் திருப்பி உதைத்து, இடைவெளி கிடைத்ததும் எழுந்து ஓட வேண்டும். இதை எத்தனை வகுப்பில் செய்யவைக்கிறார்கள்?

எதிராளி நம் மணிக்கட்டைப் பிடித்தால், அவன் கட்டைவிரல் பக்கமாகச் சட்டென்று இழுத்தால் விடுபடும். தாமதித்தால் மறு கையும் வந்துவிடும். கை மூட்டை முறுக்கி மடக்கும் நுணுக்கமான பூட்டுகளை நம்ப வேண்டாம், பதற்றத்தில் விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை. கத்தியைத் தட்டிப் பறிக்கும் 'டெக்னிக்'கைச் சொல்லிக்கொடுப்பதே தவறு. செயினோ போனோ, கேட்டால் கொடுத்துவிடலாம்.

சட்டத்துக்கும் ஒரு வகுப்பு வேண்டும். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. தேவைக்கு மிஞ்சிய தாக்குதலை 37-ஆம் பிரிவு ஏற்பதில்லை. கீழே விழுந்தவனை மிதித்தால் வழக்கு நம் பக்கம் திரும்பும்.

கடைசி இரண்டு வாரமாவது கராத்தே உடையை விட்டுவிட்டு, சுடிதாரும் செருப்பும் புத்தகப்பையுமாகப் பயிற்சி நடக்கட்டும். இரு தோளிலும் ஊக்கு குத்திய துப்பட்டாவை ஒருவன் பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்று அப்போது பயிற்சியாளருக்கும் தெரியும்.

இப்படிக்கு,
தற்காப்புக் கலைப் பயிற்சியாளர் ஒருவர்,
திருச்சி