கேல் இலையைப் பிள்ளையே கசக்கட்டும்

அன்புள்ள பெற்றோருக்கும், சனிக்கிழமைகளில் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மம்மா, அப்பப்பாமாருக்கும் வணக்கம்.

இங்கே கனடாவில் ஒக்டோபர் மாதத்து இரண்டாம் திங்கட்கிழமை நன்றி நவிலல் நாள். அது கழிந்து வருகிற சனிக்கிழமை, எங்கள் தமிழ் வகுப்பில் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் சேர்ந்து ஒரு சாலட் செய்யப்போகிறார்கள். கேல் கீரை, போறணையில் வாட்டிய மரக்கறி, கொண்டைக்கடலை, ஆப்பிள். சோற்றுக்குப் பக்கத்தில் வைக்கிற வெள்ளரிக்காய்த் துண்டு மாதிரி இல்லை இது. மத்தியானச் சாப்பாட்டுக்கு இது மட்டுமே போதும். (போறணை என்று எழுதக் காரணம் உண்டு. ‘அவன்’ என்று எழுதினால், “எவன் ரீச்சர்?” என்று கேட்க எட்டாம் வகுப்பில் ஆள் இருக்கிறது.)

தமிழ் வகுப்பில் சாலட் எதற்கு என்று போன வருடம் சில பெற்றோர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். எங்கள் பிள்ளைகளுக்குப் பொருட்களின் பெயர் தெரியும். கரட், வெங்காயம், உள்ளி, தேசிக்காய் எல்லாம் சொல்வார்கள். அதை என்ன செய்கிறோம் என்று கேட்டால் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே பதில், ‘கட் பண்ணுறது’. வெங்காயத்தை உரிக்கிறோம், கரட்டைச் சீவுகிறோம், கீரையை அரிகிறோம், பூசணியைப் பிளக்கிறோம், தேசிக்காயைப் பிழிகிறோம். நாங்கள் யோசிக்காமல் சொல்லுகிற இந்தச் சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் பரீட்சை வரைக்கும் வைத்திருந்துவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

போன வருடம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் கேல் இலையை உப்பும் தேசிப்புளியும் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தான். இரண்டு நிமிடத்தில் கோப்பை நிறைய நின்ற இலை பாதியாக இறங்கிவிட்டது. “ரீச்சர், இலை சின்னனாகுது” என்றான். “வாடுது என்று சொல்லு” என்றேன். அடுத்த சனிக்கிழமை வாசலில் என்னை மறித்து, வாகனத் தரிப்பிடத்து மேப்பிள் மரத்தைக் காட்டி, “ரீச்சர், மரம் வாடுது” என்றான். இல்லையடா, அது வாடவில்லை, இலை பழுக்குது என்று திருத்தினேன். பழம்தானே பழுக்கும், இலை எப்படிப் பழுக்கும் என்று அவனுக்கு ஒரே சிரிப்பு. அன்றைக்கு அரைமணி நேரம் இலக்கணம் போய்விட்டது. எனக்கு அதில் கவலை இல்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வீட்டில் செய்ய வேண்டிய பங்கை நீங்கள் செய்து கொடுத்து அனுப்பாதீர்கள். பிள்ளை செய்யட்டும், பக்கத்தில் நின்று தமிழில் கதையுங்கள்.

நாங்கள் சனிக்கிழமைக்கு எடுத்திருக்கும் கட்டடத்தில் போறணை பாவிக்க முடியாது. அதனால் மரக்கறி உங்கள் வீட்டில்தான் வாட்டுப்பட வேண்டும். மூன்றாம், நாலாம் வகுப்புக்குக் கரட்; ஐந்தாம், ஆறாம் வகுப்புக்கு பட்டர்நட் பூசணி; ஏழாம், எட்டாம் வகுப்புக்கு பீற்றூட்டும் கடலையும். கேல், ஆப்பிள், எண்ணெய் எல்லாம் நாங்கள் வாங்குகிறோம்.

பட்டர்நட் பூசணியின் தோல் கடினம், கத்தி வழுக்கும். அதை இரண்டாகப் பிளப்பது பெரியவர்கள் வேலை. விதையைக் கரண்டியால் வழிப்பது, தோல் சீவுவது, துண்டுக்கு எண்ணெய் பூசுவது எல்லாம் பிள்ளையின் வேலை. ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயும் கொஞ்சம் உப்பும் மிளகுதூளும் போட்டுப் பிரட்டி, 425 பாகை பரனைற்றில் முப்பது, முப்பத்தைந்து நிமிடம் விடுங்கள். இருபதாவது நிமிடத்தில் ஒருதரம் பிரட்டிவிட வேண்டும். கரட்டுக்கும் இதே கணக்குத்தான். கவனிக்க வேண்டியது தட்டு. துண்டுகள் ஒன்றுக்கொன்று முட்டாமல், ஒரே அடுக்காகக் கிடக்க வேண்டும். நெருக்கிப் போட்டால் மரக்கறியிலிருந்து வருகிற தண்ணீர் ஆவியாகிப் போக இடமில்லாமல் துண்டுகள் அவிந்துவிடும். ஓரம் கருகிச் சிவந்து இனிப்பு ஏறாது. போன வருடம் அப்படிக் குழைந்த தட்டு ஒன்று வந்தது. யாருடையது என்று பலர் கேட்டீர்கள். என்னுடையதுதான்.

பீற்றூட்டை மற்றதோடு சேர்க்காதீர்கள், எல்லாம் சிவப்பாகிவிடும். தோலோடு அலுமினியத் தாளில் சுற்றி 400 பாகையில் ஒரு மணித்தியாலம் வைத்தால், ஆறியபின் விரலால் தள்ளத் தோல் கழரும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை இது. பழைய உடுப்பைப் போட்டுவிடுங்கள். கடலையை இரவு ஊறவைத்து அவிக்கலாம், ரின் கடலையும் சரி. துணியில் நன்றாக ஒற்றி ஈரம் போக்கியபிறகே தட்டில் பரவ வேண்டும், இல்லாவிட்டால் மொறுமொறுப்பு வராது.

கரட் வாங்கும்போது பையைத் திருப்பி எங்கு விளைந்தது என்று பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். ஹொலன்ட் மாஷ் என்று இருந்தால், அது 400ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போகும்போது இரண்டு பக்கமும் கறுப்பாகத் தெரிகிற அந்த மண்தான். ஒரு காலத்தில் சதுப்பு நிலம். தண்ணீரை வடித்துத் தோட்டமாக்கினார்கள். நாங்கள் போடப்போகும் ஆப்பிளும் இந்த மாகாணத்துப் பிள்ளை. மக்கின்டொஷ் ஆப்பிளின் கன்றுகளை 1811இல் ஒன்ராறியோவின் டன்டெலா என்ற இடத்தில் ஜோன் மக்கின்டொஷ் என்பவர் தன் காணியைத் துப்புரவாக்கும்போது கண்டெடுத்தார். ஆப்பிள் நிறுவனத்தின் மக்கின்டொஷ் (‘மக்’) கணினிக்குப் பின்னாளில் பெயர் வந்தது இந்தப் பழத்திலிருந்துதான் என்று சொன்னால் எட்டாம் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

கேல் கைக்கும் என்று முகம் சுளிக்கிற பிள்ளைகள் உண்டு. அப்பாமார் அதைவிடக் கூட. உறைபனி ஒன்று பட்டபின் பறித்த கேலைத் தேடி வாங்குகிறோம். குளிரைத் தாங்க அந்தச் செடி தன் மாப்பொருளில் ஒரு பகுதியைச் சீனியாக மாற்றிக்கொள்ளும், அதனால் இலை இனிக்கும். நடுத்தண்டை உருவி எறிந்துவிட்டு, இலையைக் கிள்ளி, ஒரு கட்டுக்கு அரைத் தேக்கரண்டி உப்பும் தேசிப்புளியும் விட்டு இரண்டு மூன்று நிமிடம் கசக்குவோம். ஊரில் வல்லாரைச் சம்பலுக்குப் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூவோடு பிசைந்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. அந்தச் சம்பலைக் கேலில் செய்கிற அம்மம்மா யாராவது இருந்தால் ஒரு சின்னக் கோப்பையில் கொண்டுவாருங்கள், பிள்ளைகள் இரண்டையும் சுவைத்துப் பார்க்கட்டும். ஆனால் இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் மருந்து எடுப்பவர்கள் கேலைத் திடீரென்று கூட்டவேண்டாம். இதில் விற்றமின் கே நிறைய இருக்கிறது, மருந்தின் வேலையைக் குறைக்கும். முதலில் வைத்தியரிடம் ஒரு சொல் கேளுங்கள்.

ஒவ்வாமை விடயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கச்சான், கஜு, எள்ளு எதுவும் சாலட்டுக்குள் வராது. கடுகும் இந்த நாட்டில் ஒவ்வாமைப் பட்டியலில் இருப்பதால் அதையும் விட்டுவிட்டோம். மேலே ஊற்றுவது ஒலிவ் எண்ணெய் மூன்று பங்கு, தேசிப்புளி ஒரு பங்கு, மேப்பிள் பாணி கொஞ்சம், மிளகு, அவ்வளவுதான். மொறுமொறுப்புக்குப் பூசணி விதை, அதுவும் பையின் பின்பக்கத்தை வாசித்த பிறகு. உங்கள் பிள்ளைக்கு வேறு எதுவும் ஒத்துக்கொள்ளாது என்றால், வகுப்பாசிரியருக்கு முன்கூட்டியே எழுத்தில் தாருங்கள். எப்பிபென் (கடும் ஒவ்வாமைக்குப் போடுகிற ஊசி) வைத்திருக்கும் பிள்ளை அதைப் புத்தகப்பையில் விடாமல் இடுப்புப் பையில் கொண்டுவர வேண்டும்.

வெள்ளி இரவு வாட்டி, ஆறவிட்டு, மூடி குளிர்ப்பெட்டியில் வையுங்கள். சனி காலை ஒன்பதரைக்கு முன் ஐஸ் பையோடு தந்தால் போதும், சூடாக்கத் தேவையில்லை. டப்பாவில் பிள்ளையின் பெயரைத் தமிழில் எழுதுங்கள். மூடியில் ஒரு துண்டுத் தாள் ஒட்டி, பிள்ளை வீட்டில் என்னென்ன செய்தது என்று அதுவே எழுத வேண்டும்: சீவினேன், வழித்தேன், பிரட்டினேன் என்று. எழுத்துப்பிழை இருந்தால் நீங்கள் திருத்தாதீர்கள், அது எங்களுக்கு வேண்டும். ‘கட் பண்ணினேன்’ என்று வருகிற டப்பாவையும் வாங்குவோம். அந்தப் பிள்ளைக்கு வெங்காயம் உரிக்கிற மேசையில் இடம் போட்டிருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்